பெடலுக்கு இன்னொரு கால்

அன்புள்ள கதிர்,

பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் கால் பெடலைத் தேடுகிறது, அதற்குள் கை தாளத்தை விட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகையைக் கொண்டு ப்ரீசெட்டை, அதாவது பெடலில் சேமித்து வைத்த ஒலி அமைப்பை, தானாக மாற்ற வழி இருக்கிறது.

முதலில் பெடலின் முதுகைப் பார். ‘மிடி இன்’ துளை இருந்தால் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே தொடாதே. 1983-ல் வந்த அந்த முறையில் ப்ரீசெட் மாற்ற இரண்டே பைட் போதும்: முதல் சேனல் என்றால் 192, அடுத்து ப்ரீசெட் எண். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால், 1-லிருந்து எண்ணும் பெடலில் ஐந்தாவது ப்ரீசெட்டுக்கு 4 அனுப்ப வேண்டும்.

துளை இல்லையென்றால்தான், அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்று. அப்போதும் சிப்பை நோண்ட வேண்டாம். சுவிட்சின் இரு முனைகள் ஒட்டின, விலகின என்பதுதான் அதற்குத் தெரியும். ஒட்டவைத்தது யார் என்று அது கேட்காது. அந்த வேலையை உன் காலுக்குப் பதில் ஆர்டுயினோ செய்யட்டும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து முனைகளைத் தொடு. அழுத்தும்போது மட்டும் பீப் அடித்தால் நல்லது. ஒருமுறை அழுத்தினால் ஒட்டியே நிற்கும் ரக சுவிட்சுக்கு இந்த வித்தை பலிக்காது.

ஆர்டுயினோவையும் சுவிட்சையும் இணைக்க, சென்னை ரிச்சி தெருவில் பிசி817 என்று கேள். நான்கு கால் ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளி பட்டால் கடத்தும் டிரான்சிஸ்டர். நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. ஆர்டுயினோவின் இரைச்சல் அந்த வழியாக உன் கிட்டாருக்குள் புகாது.

புள்ளி வைத்த மூலை 1-ம் கால். ஆர்டுயினோ பின்னிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக அதற்கு வா. 2-ம் கால் ஆர்டுயினோ கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டில் எல்இடி 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3.8 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் சுமார் 8 மில்லி ஆம்பியர், போதும். 4-ம் காலை சுவிட்சில் வோல்டேஜ் இருக்கும் முனைக்கும், 3-ஐ கிரவுண்ட் முனைக்கும் சால்டர் வை. நான் முதன்முதலில் இந்த இரண்டையும் மாற்றி வைத்துவிட்டு, பாதி ராத்திரி வரை நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிரலில் பின்னை 80 மில்லி விநாடி உயர்த்தி இறக்கு. நீளமாகப் பிடித்தால் சில பெடல்கள் ட்யூனருக்குப் போய்விடும்.

இதில் ஒரு சங்கடம். ஆர்டுயினோவுக்கு ‘அடுத்தது’ என்று அழுத்தத்தான் தெரியும். பெடல் எந்த ப்ரீசெட்டில் நிற்கிறது என்று தெரியாது. ஓர் அழுத்தம் தவறினால் பாட்டு முழுக்கத் தப்பு. அதனால் பாட்டுக்கு முன் முதல் ப்ரீசெட்டை நீயே வை. நாம் கொடுத்தது பக்க இணைப்பு என்பதால் பழைய சுவிட்சும் வேலை செய்யும். தவறினால் காலால் திருத்திக்கொள்ளலாம்.

எப்போது மாற வேண்டும் என்பதுதான் மிச்சம். நிமிடத்துக்கு 120 அடி என்றால், நான்கு அடி கொண்ட 8 பார் சரியாக 16 விநாடி. உற்சாகத்தில் டிரம்மர் ஓடினால் இந்தக் கணக்கு காற்றில் போய்விடும். காதில் கிளிக் போட்டு வாசிப்பாரா என்று அவரைக் கேட்டு எழுது. மாட்டேன் என்றால் டைமர் வேண்டாம். அவர் காலடியில் ஒரு பொத்தான் வைத்துவிடலாம்.

அன்புடன்,
மாமா