கரும்பச்சையை நம்பாதீர்கள்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாவிடம் யூரியா என்று சொன்னாலே போதும், குரல் ஏறிவிடும். கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை வாங்கியது, பார் பிடித்து நட்டது, முதல் அறுப்பு எடுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். அடுத்த அறுப்புக்கு முன் உரக்கடையில் கேட்ட யோசனையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை என்கிறார்.

“அக்கா, பச்சை ஏறணும்னா யூரியாவைக் கூடப் போடுங்க” என்றாராம் கடைக்காரர். போட்டார். வெயில் கொளுத்திய, தண்ணீர் சரியாகப் பாயாத நேரம் அது. புல் கரும்பச்சையாகத் தண்டு பெருத்து நின்றது. நறுக்கிப் போட்டபோது மாடுகள் மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டன. தொழு உரம் மட்டுமே கண்ட வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனத்தையோ குச்சி மிஞ்சாமல் தின்றன. பால் இறங்கியது. அறுத்த புல் குப்பைக்குழிக்குப் போனது.

“மாட்டுக்குத் தெரிஞ்சது கடைக்காரருக்குத் தெரியல” என்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யூரியா தரும் தழைச்சத்து அளவாக இருந்தால் புல்லின் புரதத்தைக் கூட்டும். வறட்சியில் அளவு மீறிப் போட்டால், செடி உறிஞ்சியதைப் புரதமாக மாற்ற முடியாமல் நைட்ரேட்டாகத் தேக்கிக்கொள்ளும், அதிலும் தண்டின் அடியில்தான் அதிகம். அப்படிப்பட்ட தீவனத்தை மாடுகள் குறைவாகத் தின்பதுண்டு. பசியில் வயிறு முட்டத் தின்றுவிட்டால் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பேறி, மாடே சாகலாம்.

மண்ணின் சத்து மேய்ச்சலைத் தீர்மானிப்பது காட்டிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் மேய்ச்சல் விலங்குகள் கூட்டமாகத் திரளும் இடங்களின் புல்லில் சோடியம், பாஸ்பரஸ் (மணிச்சத்து), மக்னீசியம் ஆகியவை கூடுதலாக இருப்பதை மெக்நாட்டன் என்ற சூழலியலாளர் 1988-இல் எழுதினார். அமெரிக்காவில் மான்களுக்கென்றே தீவனப் பாத்தி போடுகிறவர்கள், புளித்த மண்ணில் சுண்ணாம்பு இட்ட பிறகே குளோவர் என்ற பயறு வகைத் தீவனத்தை விதைக்கிறார்கள். நம் ஊரிலும் மணிச்சத்து போதாத மாடு எலும்பையும் துணியையும் மெல்லும். பயறு வகைத் தீவனங்கள் வேர்முடிச்சு கட்டித் தழைச்சத்தைச் சேர்க்கவும் மணிச்சத்து வேண்டும். தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் இந்தக் குறை தீராது.

அந்த அம்மா இப்போது புதுவிதமாகச் செய்கிறார். வாடிய புல்லுக்கு யூரியா இல்லை. நீர் பாய்ச்சிய பிறகு, பிரித்துப் பிரித்துத்தான். வறண்ட நாளில் அறுத்தால் அடித்தண்டை விட்டு உயரமாக அறுக்கிறார். நேப்பியரோடு வேலிமசாலையும் அகத்தியையும் கலந்து போடுகிறார். தாது உப்புக் கட்டி தொட்டியோரம் தொங்குகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்கள் நீரின் உப்பையும் சோதிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

வரப்பு, எருக்குவியல், மரநிழல் இவற்றைத் தவிர்த்து, வயலில் பல இடங்களில் குழி பறித்து மண் எடுங்கள். குரும்பாப்பேட்டை பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். உரக்கடைக்கு அதன் பிறகு போகலாம்.