முதலில் வாட், பிறகு விசிறி

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டின் ஒரு மூலையில் வைத்து நாள் முழுக்க ஓடவிடும்படி, சின்னதாக, சத்தமில்லாததாக ஒரு லினக்ஸ் கணினியை நீயே அசெம்பிள் செய்யப்போகிறாய். இப்படி இறங்குகிறவர்கள் கடையில் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘சத்தம் போடாத ஃபேன்’. அடுத்து, பார்க்க லட்சணமான ஒரு சிறிய கேபினட். ப்ராசசரும் எஸ்எம்பிஎஸ்ஸும் கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏற்ப வந்து சேரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கு என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது. கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றக் காற்று வேண்டும், காற்றைத் தள்ள விசிறி வேண்டும், விசிறி வேகமாகச் சுற்றினால் ஓசை வரும். ஆகவே உன் கணினி எவ்வளவு சத்தம் போடும் என்பது, எத்தனை வாட் செலவழிக்கலாம் என்று நீ தீர்மானிக்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

ப்ராசசரை எடுத்துக்கொள். அது வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்திறன் அதிர்வெண்ணோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதால், உச்சியில் கிடைக்கும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் நாம் மிக அதிகமான விலை கொடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்: 1.2 வோல்ட்டில் ஓடும் சில்லை 1.0 வோல்ட்டுக்கு இறக்கி, அதிர்வெண்ணை 20 சதவீதம் குறைத்தால், இந்தச் செலவு பழைய அளவில் சுமார் 56 சதவீதமாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து, பாதிக்குச் சற்றே குறைந்த வெப்பத்தைத் தவிர்க்கிறாய். எழுதவும், இணையத்தில் உலவவும், படம் பார்க்கவும், குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கவும் போகிற கணினியில் அந்த ஐந்தில் ஒரு பங்கை யாரும் தேடப்போவதில்லை. 2023இல் வந்த இன்டெல் என்100 போன்ற நான்கு கோர் சில்லு இந்த வேலைகளுக்குத் தாராளம். அதன் மேல் 6 வாட் என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. போர்டு தயாரிப்பவர்கள் அந்த வரம்பை உயர்த்தி வைப்பது சகஜம். பயாஸுக்குள் போய் எத்தனை வாட் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, நீயே இறக்கு.

விசிறியிலும் இதே போன்ற ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. விசிறி தள்ளும் காற்று அதன் சுழல்வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். ஓசையோ பல மடங்கு வேகமாக ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அதே விசிறிக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தாலோ 3 டெசிபெல்தான் கூடும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதும், இரண்டு விசிறிகள் சோம்பலாகச் சுற்றுவதும், ஒரு குட்டி விசிறி பதறிச் சுற்றுவதைவிட எப்போதும் மேல். சுருதியையும் கவனி. ஏழு இதழ் கொண்ட 40 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், ஒரு நொடியில் 583 முறை இதழ்கள் காற்றை வெட்டுகின்றன. அதே ஏழு இதழோடு 120 மி.மீ. விசிறி 600 சுற்று சுற்றினால் 70 முறைதான். அந்த 70 ஹெர்ட்ஸ் முனகலை நம் காது அநேகமாக விட்டுவிடும். 583 ஹெர்ட்ஸின் கீச்சுக்குரலை விடாமல் பிடித்துக்கொள்ளும். சின்னக் கணினி என்றால் அமைதியான கணினி என்று நினைத்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 செ.மீ. சதுரம். அதன் மேல் 120 மி.மீ. விசிறி வசதியாக உட்காரும், கேபினட்டுக்கு அந்த உயரம் இருந்தால். புத்தகம் போல ஒல்லியான கேபினட்டின் அழகில் மயங்கி அந்த உயரத்தை இழந்துவிடாதே.

அப்படியானால் விசிறியே இல்லாமல் கட்டிவிடலாமே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதைத்தான் உச்சமாகக் கொண்டாடுகின்றன. ஆனால் அவை 20 அல்லது 22 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹீட்சிங்க் அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்கிறது. வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் ஒரு விசிறியில்லாக் கேபினட்டில் 15 வாட் ஓடினால் 30 டிகிரி ஏறும். அங்கே 50இல் நிற்கும் சில்லு, சித்திரை மதியத்தில் 38 டிகிரி அறையில் 68க்குப் போகும். ப்ராசசர் அதைத் தாங்கிக்கொள்ளும். அதன் எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பக்கத்தில் மூடிய பெட்டிக்குள் வேகும் எஸ்எஸ்டியையும் மின்தேக்கிகளையும் நினைத்துத்தான் எனக்குக் கவலை. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் 10 டிகிரி ஏற ஏறப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஆகவே நம் ஊருக்கு என் தீர்ப்பு இது: 500, 600 சுற்றில் ஓடும் ஒரே ஒரு பெரிய விசிறி.

“தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடும் வீட்டில் கணினியின் சத்தம் யாருக்குக் கேட்கும்?” என்று வீட்டில் கேட்பார்கள். சீலிங் ஃபேனின் சத்தம் பரவலானது, ஒரே சீரானது. அது இன்னொரு சீரான இரைச்சலை மூடிவிடும் என்பது உண்மை. ஆனால் ஒற்றைச் சுருதியில் கீச்சிடும் ஒலியை அது மூடாது. ஏறி ஏறி இறங்கும் ஒலியையும் மூடாது, ஏனென்றால் மாற்றத்தைத்தான் காது தேடிப் பிடிக்கிறது. மார்கழி இரவில் சீலிங் ஃபேனும் நின்றுவிடும். சத்தத்தை ஒதுக்கிவிட்டாலும் வாட் கணக்கு வீணாகாது: 60 வாட் கணினிக்கும் 15 வாட் கணினிக்கும் உள்ள வித்தியாசம், இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 394 யூனிட். மின்கட்டண அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 65 யூனிட். மின்தடையின்போது யுபிஎஸ் தாங்கும் நேரமும் நீளும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நல்ல பெயருள்ள ‘80 பிளஸ்’ முத்திரை பார்த்து வாங்கச் சொல்வார்கள். அந்தச் சோதனை பொதுவாக 20, 50, 100 சதவீதச் சுமையில் நடப்பது. 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 20 சதவீதம் என்றாலே 90 வாட். உன் கணினி அந்தப் பக்கமே போகாது. 15 வாட்டில் அதன் திறன் என்ன என்பதை முத்திரை சொல்வதில்லை, பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். லேப்டாப் அடாப்டர் போல வெளியிலிருந்து 12 அல்லது 19 வோல்ட் நேர்மின்சாரம் வாங்கும் போர்டைத் தேர்ந்தெடு. ஒரு வெப்பமூலமும் ஒரு விசிறியும் பெட்டியைவிட்டே போய்விடும். ஹார்ட் டிஸ்க்கையும் உள்ளே வைக்காதே. 7,200 சுற்று என்பது நொடிக்கு 120 அதிர்வு, மேசைப் பலகையே அதற்கு மத்தளமாகிவிடும்.

இனி லினக்ஸ். போர்டில் விசிறியை ஆளும் ஒரு தனிச் சில்லு உண்டு. அதற்குக் கெர்னலில் இயக்கி இல்லையென்றால், நீ என்ன விசிறி வாங்கியும் அதன் கடிவாளம் பயாஸிடமே இருக்கும். நுவோடான் நிறுவனத்தின் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கெர்னலிலேயே இயக்கி இருக்கிறது. ஐடிஇ நிறுவனத்தின் சில புதிய சில்லுகளுக்கு வெளியே தேட வேண்டியிருக்கும். வாங்குமுன் இதை விசாரித்துக்கொள். பிறகு ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ நிரலை ஓடவிட்டு, விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார். 0 முதல் 255 வரையிலான அளவில் விசிறி எந்த எண்ணில் நிற்கிறது, நின்றது எந்த எண்ணில் மறுபடி கிளம்புகிறது என்று அது அளந்து காட்டும். கிளம்பும் எண் பொதுவாக நிற்கும் எண்ணைவிடச் சற்று மேலே இருக்கும். இரண்டுக்கும் நிற்கும் எண்ணையே எழுதிவிட்டால் விசிறி கிளம்ப முடியாமல் திணறும். விசிறி வேகமெடுக்கும் வெப்பநிலையையும் நம் கோடைக்கு ஏற்ப உயர்த்தி வை. வீடியோ பார்க்கும்போது ‘இன்டெல் ஜிபியு டாப்’ நிரலைத் திற. அதில் வீடியோ வரிசை பூஜ்யத்திலேயே கிடந்தால், கிராபிக்ஸ் பகுதி செய்ய வேண்டிய வேலையை ப்ராசசர் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உலாவியின் அமைப்பைத் திருத்தினால் வெப்பம் இறங்கும்.

ரெடிமேடாகக் கிடைக்கும் மினி பிசியோ ராஸ்பெரி பையோ வாங்கினால் போதாதா என்பார்கள். சிலருக்குப் போதும். ஆனால் ராஸ்பெரி பை 5க்கு அதன் தயாரிப்பாளரே விசிறி வைத்த குளிர்விப்பானை விற்கிறார் என்பதைப் பார். மினி பிசிக்களில் பெரும்பாலும் அந்தக் குட்டி விசிறிதான் இருக்கும், மாற்றிப் போட இடமும் இருக்காது. தேய்ந்த விசிறியை மாற்றவும் தூசியைத் தட்டவும் முடிகிற பெட்டி நீ கட்டியதாகத்தான் இருக்கும்.

கட்டி முடித்ததும், ஒரு சித்திரை மதியம் ஒரே வீடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டு, ‘சென்சார்ஸ்’ நிரல் காட்டும் சில்லின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்துக் கேபினட்டின் உட்புறம் ஒட்டிவை. அடுத்த சித்திரையில் அதே வீடியோவை ஓட்டிப் பார். சில்லின் வெப்பநிலைக்கும் அறையின் வெப்பநிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி முன்பைவிட அகன்றிருந்தால், ஹீட்சிங்க்கில் தூசி அடைந்துவிட்டது, திறந்து தட்ட வேண்டும்.

அன்புடன்.