இரு நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடும் முறை

அடுத்தடுத்த இரு சிற்றூர்களில் இரண்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள் இருக்குமாயின், எது சிறந்தது என்ற வினா கிராம சபையில் எழாமற் போவதில்லை. சுவரின் வெண்மையையும் பிள்ளைகளின் தொகையையும் கண்டு அங்கத்தினர்கள் விடை கூறிவிடுகின்றனர். வரப்பின் அழகைக் கொண்டு விளைச்சலை மதிப்பிடுவதை அது ஒக்கும்.

முதற்கண் நோக்கத்தக்கது, ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோருள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தனர் என்பதாகும். ஒரு பள்ளியில் 40 பேர் சேர்ந்து 30 பேர் ஒன்பதாம் வகுப்பை எட்டினர். மற்றதில் 16 பேர் சேர்ந்து 15 பேர் எட்டினர் என்று கொள்வோம். தொகையால் முந்தியது முன்னதே. ஆயினும் அங்கே நால்வரில் ஒருவர் நழுவிவிட்டார். அப்பத்துப் பேரின் பெயர்களையும் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, வீடு வீடாகச் சென்று விசாரித்தல் வேண்டும். வேறு பள்ளிக்கு மாறியவர் சிலர் இருக்கலாம். எஞ்சியோரைப் பற்றியே நமது கவலை.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. காலணித் தொழிற்சாலைகளிற் பெண்களே பெருந்தொகையினர். தாய் விடியலில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டால், கைக்குழந்தை பன்னிரண்டு வயதுப் பெண்ணின் இடுப்புக்கு வருகிறது. காலணியின் மேற்பாகத்தை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் குடும்பங்களும் பல. 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதென 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத்திற்கு உதவுவதை அது தடுக்கவில்லை. அவ்வுதவி பள்ளி நேரத்தை விழுங்குகிறதா என்பதை வருகைப் பதிவேடே காட்டிவிடும். ஒரே பெண் வாரந்தோறும் அதே நாட்களில் வாராதிருந்தால், காரணம் காய்ச்சலன்று.

அடுத்து ஆசிரியர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வகுத்ததோடு, கணிதம் மற்றும் அறிவியல், சமூகவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டுமென்றும் கூறுகிறது. ஆகவே தலைக்கணக்கை மட்டும் வகுத்துப் பார்த்தால் சிறிய பள்ளி செழிப்பாகத் தோன்றும்; கணித ஆசிரியர் இடம் காலியாயிருப்பது அதில் மறைந்துபோம்.

உருது வழிப் பள்ளியும் தமிழ் வழிப் பள்ளியும் அருகருகே இருக்கும் ஊர்களிற் கூடுதல் நிதானம் வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் யாவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. எனினும் வீட்டில் உருது பேசும் பிள்ளையின் தமிழ் மதிப்பெண்ணை மற்றவரோடு ஒரே தட்டில் நிறுத்தல் முறையன்று. அப்பிள்ளை சென்ற ஆண்டில் எங்கிருந்தது, இவ்வாண்டு எவ்வளவு முன்னேறியது என்பதே அளவுகோல்.

குடிநீரையும் பார்க்கவேண்டும். தோற்கழிவு நீரால் பாலாற்றுப் படுகை கெட்ட வரலாற்றை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உரைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காத பள்ளி, வண்ணச் சுவர் இருந்தும் பின்தங்கியதே.

இவ்வொப்பீட்டைச் செய்யப் புதிய குழு தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். குழுவிற் பாதிப்பேர் பெண்கள். இரு பள்ளிகளின் குழுக்களும் ஒரு மாலை ஒன்றாய் அமர்ந்து, பதிவேடுகளைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கட்டும். தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மார் வரவேண்டுமாயின் ஞாயிற்றுக்கிழமையே ஏற்றது. நழுவிய பிள்ளைகளின் பட்டியலை ஊராட்சித் தலைவர் அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பே கையில் வைத்திருத்தல் நலம். பெயர்களைச் சபையிற் படிக்கலாகாது, எண்ணிக்கையை மட்டும் கூறினால் போதும்.