பிரவுசரை மாற்றும் முன்

அன்புள்ள கயல்,

உன் செய்தியைப் படித்தேன். பிரவுசர் அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது, அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியும் சரியாகவில்லை, வேறு பிரவுசருக்கு மாறப்போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. போகிறபோக்கில் நீ எழுதிய இன்னொரு வரிதான் என்னை நிறுத்தியது: போன வாரம் ஒரு ஜிப் ஃபைல் திறக்க மறுத்தது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அதே ஃபைல் திறந்துவிட்டது.

அது சாதாரண விஷயமில்லை. ஜிப் ஃபைலுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பிரித்தெடுத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு பிட் மாறியிருந்தாலும் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடும். டிஸ்கில் இருந்த ஃபைல் மாறவில்லை. அதனால்தான் பிறகு திறந்தது. அப்படியானால் டிஸ்கிலிருந்து படித்து ரேமுக்கு வந்து கணக்குப் போடும் வழியில் எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது. இதில் பிரவுசருக்கு வேலையே இல்லை.

பிறகு ஏன் பிரவுசர் மட்டும் விழுகிறது? படிக்கட்டில் ஒரு படி உடைந்திருந்தால் அதிகம் ஏறி இறங்குகிறவர்தான் முதலில் விழுவார். நீ நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பதும், ரேமை அள்ளிக்கொள்வதும் பிரவுசர்தானே.

2024இல் உலகம் முழுக்க இப்படி ஒன்று நடந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர் வைத்திருந்தவர்களில் பலருக்கு, கேம் தொடங்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்து நின்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். கேமைத் திட்டினார்கள், டிரைவரை மாற்றினார்கள். கடைசியில் கோளாறு பிராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அது மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தத்தால் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்பதால் வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. கோளாறு கேமில் முதலில் வெளிப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. தொடங்கும்போது கேம் ஏராளமான சுருக்கிய தரவை விரித்துச் சரிபார்க்கிறது. உன் ஜிப் ஃபைல் செய்த அதே வேலை.

நீ முதலில் செய்ய வேண்டியது, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடித் திறப்பது. நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். எது என்றைக்கு நின்றதோ அங்கே சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிப் படி. ஒரே புரோகிராம், ஒரே பிழை எண், நீ ஒரே காரியத்தைச் செய்யும்போது மட்டும் என்றால், அந்தப் புரோகிராமைச் சந்தேகி. நானும் உன் பக்கம். இன்று பிரவுசர், நேற்று வீடியோ எடிட்டர், முந்தாநாள் விண்டோஸே, பிழையும் தடவைக்கொன்று என்றால் கோளாறு அடியில் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் உன் ப்ராஜெக்ட் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிடு. ரேமில் கோளாறு இருந்தால் காப்பியிலும் பிட் புரளலாம். அதனால் பழைய காப்பி இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடாதே. டிஸ்க் மேல் சந்தேகம் வந்தாலும், விண்டோஸில் டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்கை ஓட்டிவிடாதே. சாகக் கிடக்கும் டிஸ்கை அது மேலும் படுத்தும்.

அடுத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடு. அங்கே விண்டோஸே இருக்காது, பழிபோட வேறு புரோகிராமும் இருக்காது. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், “ஒன்றுதானே” என்று விட்டுவிடாதே. வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓடாதே. பயாஸில் எக்ஸ்.எம்.பி. போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டு. வேகத்தைக் கூட்டி வைத்ததே காரணமாக இருக்கலாம். அப்போதும் பிழை வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு ரேமைக் கழற்று, இன்னொன்றை மட்டும் வைத்துச் சோதி. பிறகு ஸ்லாட்டை மாற்று. பிழை ரேமோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

ரிலையபிலிட்டி பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. மெம்டெஸ்டில் பிழையே வராவிட்டால் பிராசஸரின் சூட்டையும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வேறொரு எஸ்.எம்.பி.எஸ் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா