தகவல் கொடுத்த பின்பு



உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலை 1986-லேயே நாடெங்கும் பேசப்பட்டது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் மதுரை மாவட்டத்துக்கு வந்ததோ 2001-இல். செய்திக்கும் தொட்டிலுக்கும் இடையே 15 ஆண்டுகள்!

இன்று சட்டம் மணிக்கணக்கில் பேசுகிறது. கைவிடப்பட்ட குழந்தையைக் காண்கிற எவரும், ஆஸ்பத்திரி உட்பட, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளைகள்மீதான பாலியல் வன்கொடுமையை அறிந்தும் மறைப்பது, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவருக்குப் பாதுகாப்பு உண்டு. போலீசார் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லவேண்டும். வழக்குப் பதிவாகவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. 1996-இல் மும்பையில் தொடங்கி, தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த 1098 தொலைபேசிச் சேவை, 2023-இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து 112-உடன் இணைக்கப்பட்டது.

ஆனால் வேகம் மட்டும் போதுமா? தவழக்கூடத் தொடங்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், "தானாக விழுந்துவிட்டது" என்ற பேச்சை நாம் அப்படியே ஏற்க முடியாது. அங்கே தாமதம் உயிரையே வாங்கும். செங்கல் சூளைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை ஏழு வயது அக்காளிடம் விட்டுச் செல்வதோ வேறு. அது கொடுமையல்ல, வறுமை. அவளுக்குத் தேவை அங்கன்வாடியும், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால், ஒரு பிள்ளை அடிக்கிறவரிடமே திரும்பும். இன்னொரு பிள்ளை தாயை இழக்கும்.

காப்பகம் கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பதும் சட்டத்தின் கொள்கை. காரணம் நமக்குத் தெரியும். 2021 ஜூனில், மதுரையில் ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் பொய் ஆவணம் காட்டி விற்கப்பட்டது வெளிப்பட்டது. போலீசார் இரண்டு குழந்தைகளை மீட்டார்கள். காப்பகத்தில் சேர்த்ததோடு நம் கடமை முடிவதில்லை.

மோசேயின் அக்காளை நினைத்துப் பாருங்கள். நாணற்பெட்டி நதியோரம் வைக்கப்பட்டதும் அவள் வீடு திரும்பவில்லை. தூரத்தில் நின்று கவனித்தாள். ஏற்ற நேரத்தில் பேசினாள். பிள்ளை பெற்ற தாயின் கைக்கே வந்தது.

ஆகவே பிரியமானவர்களே, 1098-ஐ உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் அழையுங்கள். விசாரிப்பது நம் வேலையல்ல. ஒரு வாரம் கழித்து, "அந்தப் பிள்ளை எங்கே, எப்படியிருக்கிறது?" என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிற பிள்ளையை எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள்.