செவ்வால் கெளுத்தி வளர்க்க விரும்பும் இளைஞருக்கு



கடைகளில் ரெட்டெயில் கேட்ஃபிஷ் என்று விற்கப்படும் செவ்வால் கெளுத்தி, தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எஸெக்கிபோ ஆறுகளின் மீன். கரிய முதுகு, விலாவில் வெண்பட்டை, செம்மஞ்சள் வால், நீண்ட மீசைகள். இதன் பேரினத்தில் இன்று வாழும் இனம் இது ஒன்றே. மற்றவை புதைபடிவங்களாக மட்டுமே கிடைத்துள்ளன. ஆற்றில் மீன், நண்டு ஆகியவற்றோடு நீரில் விழும் பழங்களையும் தின்னும்.

விற்பனைக்கு வரும் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். முதல் ஆண்டிலேயே அது 30 செ.மீ.யைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் 1 மீட்டருக்கு மேல். ஆற்றில் பிடிபட்டவற்றில் 50 கிலோவைக் கடந்தவையும் உண்டு. ஆகவே குஞ்சைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. முடிவு வளர்ந்த மீனைப் பற்றியதாக இருக்க வேண்டும். வழக்கமான நாலடித் தொட்டியின் அகலம் சுமார் 45 செ.மீ. அதைவிட நீண்ட மீன் அதற்குள் இயல்பாகத் திரும்பக்கூட முடியாது.

தொட்டியின் அளவுக்கேற்ப மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்ற பேச்சை நம்பக் கூடாது. சிறு தொட்டியில் கழிவு சேர்ந்து நீர் கெடுகிறது; அந்த நீரில்தான் மீன் குன்றுகிறது. குன்றிய உடல் நலமான உடல் அல்ல. முதுகெலும்பு வளையலாம், பல ஆண்டுகள் வாழ வேண்டிய மீன் இளமையிலேயே சாகலாம். தொட்டிக்கேற்ப வளரும் என்று சொல்லி விற்பவர் மீனுக்கும் வாங்குபவருக்கும் தீங்கு செய்கிறார்.

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குளம் பொருத்தமானது. அதில் ஏறத்தாழ 21,600 லிட்டர் நீர் நிற்கும். எடை 21 டன்னுக்கு மேல். மாடியில் கட்ட நினைப்பவர் முதலில் கட்டடப் பொறியாளரைக் கேட்க வேண்டும். வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். பெரிய பில்டரும் வாரந்தோறும் நீர் மாற்றுவதும் கட்டாயம்.

வாயில் அடங்கும் எதையும் இது விழுங்கும்: உடன் வாழும் மீன், கூழாங்கல், ஹீட்டர். அதனால் ஹீட்டரைத் தடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும்; விழுங்கக்கூடிய கற்களைத் தொட்டியில் போடவே கூடாது. இறால், மீன் துண்டு, மண்புழு, மூழ்கும் தீவனம் ஆகியவை நல்ல உணவு. உயிருள்ள தங்கமீன் போடுவது நோயைக் கொண்டுவரும். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். கோழி, மாட்டு இறைச்சியின் கொழுப்பும் இதற்கு ஒவ்வாது. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் ஓரிரு முறை உணவு போதும். கேட்கும்போதெல்லாம் போடுவது அன்பு ஆகாது. செதில் இல்லாத உடல் என்பதால் செம்பு கலந்த மருந்துகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். துடுப்பு முட்கள் வலையில் சிக்கும். பெரிய மீனை இடம் மாற்றப் பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது.

நாலடித் தொட்டி மட்டுமே உள்ளவருக்கு ஒற்றை ஆஸ்கர் மீன் தகும். அதுவும் அமேசான் மீன்தான், 30 செ.மீ. அளவில் வளரும், தீவனம் தருபவரை அடையாளம் காணும்.

வைத்துக்கொள்ள முடியாத கெளுத்தியை ஏற்கப் பொதுக் காட்சியகங்களும் பெரும்பாலும் தயங்குகின்றன. அவற்றிடம் ஏற்கெனவே போதிய எண்ணிக்கை உண்டு. வாங்கும் முன்பே, பெரிய குளம் வைத்திருக்கும் ஒருவரின் ஒப்புதலைப் பெற்றிருப்பது நல்லது. ஆற்றிலோ ஏரியிலோ விடுவது கூடவே கூடாது. அயல் மீன் நம் ஆறுகளில் நுழைவது ஏற்கெனவே நடந்திருக்கிறது: 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் அராபைமா பிடிபட்டது. அமேசானின் இன்னொரு பெருமீனான அது, வளர்ப்பிடங்களிலிருந்து வெளியேறி அங்கு வந்தது.