டாலர் வட்டியும் ரூபாய் வட்டியும்: இடையில் உள்ள லாபம் யாருக்கு?

குறைந்த வட்டிக்கு வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கொடுப்பது வணிகப் பெருமக்களான நமக்குப் புதிய சங்கதி அல்ல. அதையே இரண்டு நாட்டு நாணயங்களை வைத்துச் செய்தால் என்ன என்று இப்போது மீஞ்சூர் கடைத்தெருவிலும் கேட்கிறார்கள். செல்போனைக் காட்டி, "ஜப்பான் பணத்தில் கடன், டாலரில் முதலீடு, வட்டி வித்தியாசம் மாதாமாதம் உங்களுக்கு" என்று ஆள் பிடிப்பதும் நடக்கிறது. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நமக்குப் பர்மா உளுந்தும் பாமாயிலும் தரும் இறக்குமதியாளர்கள் இந்தக் கணக்கை நெடுநாளாக அறிவார்கள். சரக்குக்குப் பணம் டாலரில் கட்ட வேண்டும். உள்ளூர் வங்கியில் ரூபாய்க் கடன் வாங்கிக் கட்டலாம்; அல்லது வெளிநாட்டு வங்கியில் டாலர் கடனாகவே வாங்கி, ஆறு மாதம் கழித்துத் தீர்க்கலாம். இரண்டாவதற்குப் பையர்ஸ் கிரெடிட் என்று பெயர்.

உதாரணத்திற்கு ஒரு லட்சம் டாலர் சரக்கு. டாலர் 55 ரூபாய் என்றால் 55 லட்சம். ரூபாய் வட்டி ஆண்டுக்கு 12 சதம் என்று வைத்தால், ஆறு மாதத்தில் அசலும் வட்டியும் 58 லட்சத்து 30 ஆயிரம். டாலர் வட்டி 3 சதம் என்றால் திருப்ப வேண்டியது 1,01,500 டாலர். டாலர் விலை அசையாமல் 55-லேயே நின்றால் 55 லட்சத்து 82,500 ரூபாயில் கடன் தீர்ந்துவிடும். மிச்சம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் டாலர் 57 ரூபாய் 44 காசைத் தொட்டாலே அந்த மிச்சம் முழுவதும் போய்விடும். 2013 மே மாதம் 55 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. 68-இல் தீர்த்தவருக்கு 69 லட்சத்து 2 ஆயிரம் செலவு. ரூபாய்க் கடனே வாங்கியிருந்தால் 10 லட்சத்து 72 ஆயிரம் கையில் நின்றிருக்கும். மொத்த வியாபாரத்தில் உளுந்து மூட்டைக்கு நமக்கு நிற்பது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தை எத்தனை மூட்டை விற்று நிரப்புவது?

"வங்கியில் பார்வர்டு ஒப்பந்தம் போட்டு டாலர் விலையை இன்றே கட்டிவிடலாமே" என்று கேட்கலாம். கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் ஆறு மாதத்திற்கு வங்கி சொல்லும் விலை பெரும்பாலும் அந்த 57.44-ஐ ஒட்டியே இருக்கும். இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தைத்தான் வங்கி பிரீமியம் என்று விலையில் ஏற்றிச் சொல்கிறது. அப்படி இல்லாவிட்டால் வங்கிகளே அந்த லாபத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கும், நம் வரைக்கும் வராது. ஆக, வட்டி வித்தியாச லாபம் என்பது டாலர் ஏறாது என்று ஒருவர் கட்டும் பந்தயத்திற்குக் கிடைக்கும் கூலி.

இதற்கு விலக்காக ஒன்று நடந்தது. அதே 2013 செப்டம்பரில், ரகுராம் ராஜன் பொறுப்பேற்றவுடன், வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் டெபாசிட்டை வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 3.5 சதச் செலவில் மாற்றிக்கொண்டது. சந்தை பிரீமியம் அதைவிட மிகவும் அதிகம். பலர் வெளிநாட்டில் கடன் வாங்கியே இங்கு டெபாசிட் போட்டார்கள். நவம்பர் முடிவதற்குள் சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. அங்கே நாணய ஆபத்தை ரிசர்வ் வங்கி சுமந்தது. அதனால்தான் மற்றவர்களுக்கு லாபம் நின்றது.

சுமக்க ஆள் இல்லாதபோது நடப்பதை 2024-இல் பார்த்தோம். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதம் ஆக்கியது. யென்னில் கடன் வாங்கியிருந்தவர்கள் பதறித் திருப்ப, யென் ஏறியது. ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கி குறியீடு ஒரே நாளில் 12 சதத்திற்கு மேல் விழுந்தது. மும்பை சென்செக்ஸும் 2,200 புள்ளிக்கு மேல் சரிந்தது. உலகத்துப் பெரிய தரகர்களுக்கே அந்தக் கதி.

பையர்ஸ் கிரெடிட்டுக்கு உள்ளூர் வங்கிகள் கொடுத்துவந்த உறுதிக் கடிதங்களை ரிசர்வ் வங்கி 2018 மார்ச் 13 அன்று நிறுத்திவிட்டது. டாலர் கடனுக்கு வேறு வழிகள் உண்டு. செல்போன் வியாபாரம் வேறு சமாசாரம். அங்கீகாரம் இல்லாத அந்நியச் செலாவணித் தளங்களில் இறங்குவது 1999-ஆம் ஆண்டு பெமா சட்டப்படி குற்றம். பணம் போட்டவர் மீதே நடவடிக்கை வரும். அனுமதி பெற்ற பங்குச் சந்தைகளில் ரூபாய்–டாலர் ஒப்பந்தம் செய்வதற்கும், 2024 மே மாதத்திலிருந்து, உண்மையான டாலர் வரவோ செலவோ நமக்கு இருக்க வேண்டும். அங்கீகாரமற்ற தளங்களின் பெயர்ப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லாத தளமெல்லாம் அனுமதி பெற்றது என்று ஆகாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.